கடைக் கம்ப்யூட்டர்களின் கடிகாரம் ஒத்திருக்க வேண்டும்



தராசு பிசகினால் நமக்கு அன்றே தெரிந்துவிடும். சரக்கு வாங்கியவர் வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கடை வாசலில் வந்து நிற்பார். கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகினால் அப்படி யாரும் வந்து கேட்பதில்லை. மாதக் கணக்கில் அது பாட்டுக்குத் தவறான நேரத்தைப் பில்லில் அச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு தகராறு வரும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

சரவணம்பட்டி, சத்தி ரோடு பக்கம் உள்ள மளிகைக் கடையானாலும் சரி, ரங்கே கவுடர் வீதியின் மொத்த வியாபார மண்டியானாலும் சரி, பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாத இடம் இன்று குறைவு. அதனால் இந்தப் பாடம் நம் எல்லோருக்கும் தேவையானது.

ஒரே கடையில் ஐந்து கடிகாரம்

நடுத்தரமான ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பில் கவுண்டர் இரண்டு, குடோனில் இருப்புப் பார்க்கும் கம்ப்யூட்டர் ஒன்று, கேமராப் பதிவுப் பெட்டி ஒன்று, முதலாளியின் கைப்பேசி ஒன்று. ஐந்துக்கும் உள்ளே தனித்தனிக் கடிகாரம் உண்டு. ஒயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டதால் நேரமும் தானாக ஒன்றாகிவிட்டது என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. ஒயர் வழியாகக் கணக்கு போகும். கேட்டுப் பெறும்படி அமைத்து வைத்தால்தான் நேரமும் போகும்.

இதனால் என்ன கெடுதல் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். இரவு கணக்குப் பார்க்கையில் 1,850 ரூபாய்க்கு ஒரு பில் ரத்தாகியிருக்கிறது. ரத்தான நேரம் 7.42 என்று கவுண்டர் சொல்கிறது. முதலாளி கேமராவில் 7.42-ஐ ஓட்டிப் பார்க்கிறார். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. பையன் மட்டும் கல்லாவைத் திறந்து கையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறான்.

“தம்பி, இந்த நேரத்துல கவுண்டர்ல யாருமே இல்லையே?”

“இல்லீங்கண்ணா, அவங்க வந்து எண்ணெய் டின்னைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பணம் வாங்கிட்டுத்தான் போனாங்க.”

பையன் சொல்வது உண்மை. கேமராவின் கடிகாரம் கவுண்டர் கடிகாரத்தைவிட 11 நிமிடம் முன்னால் ஓடுகிறது. கவுண்டரின் 7.42 கேமராவில் 7.53 ஆகும். அந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தால் டின்னும் தெரியும், ஆளும் தெரிவார். முதலாளி பார்த்த காட்சி கவுண்டர் கணக்குப்படி 7.31-க்கு நடந்தது, அப்போது பையன் சில்லறை பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கடிகாரம் ஒத்துப் போகாததால் ஒரு பிள்ளையின் பெயர் கெடப் பார்த்தது. இதில் எந்தக் கடிகாரம் சரி என்பது அடுத்த கேள்வி. இரண்டும் ஒரே அளவு தவறாக இருந்திருந்தால்கூட இந்தப் பழி வந்திருக்காது.

இதே போல, வாடிக்கையாளர் கியூ.ஆர். அட்டையில் பணம் அனுப்பியது 6.10, நம் பில்லில் 6.25 என்றிருந்தால், பழைய ரசீதைக் காட்டி ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் வருகிறது. நல்ல வாடிக்கையை இப்படி இழக்கலாமா?

எடைக்கல்லின் வழிமுறையே நேரத்துக்கும்

நம் கடை எடைக்கல்லை நாம் எப்படி நம்புகிறோம்? முத்திரை ஆய்வாளர் தன்னிடமுள்ள கல்லோடு ஒப்பிட்டு முத்திரை இடுகிறார். அவருடைய கல் அதற்கு மேலுள்ள ஆய்வுக்கூடக் கல்லோடு ஒப்பிடப்பட்டது. இப்படி ஏறிக்கொண்டே போனால் புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடியும். நம் நாட்டுக்கென அளிக்கப்பட்ட 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராம் கல் அங்கேதான் உள்ளது.

இந்திய நேரத்தின் மூலமும் அதே ஆய்வகம்தான். அங்குள்ள அணுக் கடிகாரங்களே இந்தியத் திட்ட நேரத்தைக் காக்கின்றன. அந்தக் கடிகாரத்தோடு நேராக இணைந்த கம்ப்யூட்டரை முதல் அடுக்கு என்பார்கள். அதைக் கேட்டு ஓடுவது இரண்டாம் அடுக்கு. இரண்டைக் கேட்பது மூன்று. இப்படி 15 அடுக்கு வரை கணக்கு உண்டு. 16 என்று காட்டினால் அந்தக் கடிகாரம் எதனோடும் ஒத்துப் பார்க்கப்படாதது என்று பொருள், அதாவது முத்திரை இல்லாத கல்.

எடையும் நேரமும் சட்டத்திலும் நெருங்கி வருகின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, எடையளவுச் சட்டத்தின் கீழேயே இந்தியத் திட்ட நேரத்துக்கான விதிகளின் வரைவை வெளியிட்டு 2025 ஜனவரியில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அதற்கு முன்பே, செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 28-4-2022 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. கம்பெனிகள், சேவை நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்கள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தையோ, தேசிய தகவல் மையத்தின் நேரத்தையோ, அவற்றோடு ஒத்துப் பார்க்கத்தக்க நேரத்தையோ பின்பற்ற வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது.

ஊருக்கு ஒரு நேரம் இருந்த காலம்

நேரத்தை ஒத்துப் போகச் செய்யும் பிரச்னை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. ஒரு காலத்தில் சென்னை நேரம், பம்பாய் நேரம், கல்கத்தா நேரம் என்று தனித்தனியாக இருந்தன. சென்னை நேரம் கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய் 4 மணி 51 நிமிடம் முன்னால். இரண்டு ஊருக்கும் அரை மணி வித்தியாசம். ரயில் ஓட ஆரம்பித்ததும் இது பெருந்தொல்லையானது. ரயில்வேக்காரர்கள் சென்னை நேரத்தைப் பொதுவாக எடுத்துக்கொண்டார்கள்.

1906 ஜனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் என்ற இந்தியத் திட்ட நேரம் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம் இது. அப்படியும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. பம்பாய்க் கடிகாரம் மற்ற ஊர்களைவிட 39 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சூரியக் கணக்குப்படி நம் கோவைக்கு உரிய நேரம் திட்ட நேரத்தைவிட ஏறத்தாழ 22 நிமிடம் பின்னால். அதற்காக நாம் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தைப் பின்பற்றினால்தான் வியாபாரம் நடக்கும் என்பதால் ஒத்துக்கொண்டோம். கடைக்குள்ளும் அதே நியாயம்தான்.

கம்ப்யூட்டர் நேரம் கேட்கும் விதம்

கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் கடிகாரம் ஓடுகிறது. படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் என்று பிசகு சேரும். வெயிலும் குளிரும் அதிர்வை மாற்றும். ஆகவே தனியே விட்ட எந்தக் கம்ப்யூட்டரும் நாளடைவில் நேரம் தவறியே தீரும்.

இதற்கு மருந்தாக டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1985-ல் ஒரு முறையை வகுத்தார். 2024-ல் அவர் காலமானார். அவருடைய முறைக்கு நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்.டி.பி. என்று பெயர். அதன் கணக்கு நமக்குப் புரியக் கூடியதே.

நம் கவுண்டர், மேலடுக்குக் கம்ப்யூட்டருக்கு ஓர் ஆளை அனுப்பி நேரம் கேட்டு வரச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆள் புறப்படும்போது நம் கடிகாரம் 10.00.00. அவர் போய்ச் சேரும்போது அங்கே 10.02.05. பதிலோடு அங்கிருந்து புறப்படும்போது 10.02.06. திரும்பி வரும்போது நம் கடிகாரம் 10.00.03. மொத்தம் ஆனது 3 நொடி. அதில் அங்கே நின்றது 1 நொடி. வழியில் போனது 2 நொடி. போக 1, வர 1 என்று பிரித்தால், அவர் திரும்பி வந்த கணத்தில் உண்மையான நேரம் 10.02.07. நம்முடையது 10.00.03. ஆக நம் கடிகாரம் 2 நிமிடம் 4 நொடி பின்தங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டர் இதையே நொடியின் மிகச் சிறு பங்குகளில் செய்கிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சம நேரம் ஆகிறது என்பது இந்தக் கணக்கின் நம்பிக்கை. நெருக்கடியான இணைப்பில் இது சற்றே பிசகலாம். நம் கடைக்கு அந்தப் பிசகு ஒரு பொருட்டல்ல.

வித்தியாசத்தின் அளவே நோயைச் சொல்லும்

கடிகாரம் தவறு என்று கண்டதும் உடனே கையால் திருத்திவிட்டு மறந்துபோவதுதான் வழக்கம். அது ஜுரத்துக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுவது போன்றது. முதலில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

1. சில நொடி முதல் சில நிமிடம் வரை: படிகத்தின் இயல்பான பிசகு. அந்தக் கம்ப்யூட்டர் மேலடுக்கைக் கேட்பதை நிறுத்திப் பல நாளாகிறது.

2. சரியாக 2 மணி 30 நிமிடம் முன்னால்: கேமராப் பெட்டிகளில் வரும் கோளாறு. பெட்டி சீன நேரத்தில் அமைந்திருக்கிறது.

3. சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால்: கருவி கிரீன்விச் நேரத்தையே காட்டுகிறது, இந்திய நேரமாக மாற்றிக்கொள்ளவில்லை.

4. 12 மணி 30 நிமிடம் அல்லது 13 மணி 30 நிமிடம் பின்னால்: அமெரிக்க மேற்குக்கரை நேரம். புதிதாக விண்டோஸ் ஏற்றியவர் நாட்டைத் தேர்வு செய்யாமல் விட்டிருக்கிறார்.

5. சரியாக 12 மணி: கையால் திருத்தியவர் காலை, மாலையை மாற்றிவிட்டார்.

6. பல ஆண்டுகள் பின்னால்: உள்ளே இருக்கும் பொத்தான் பாட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள பாட்டரி. இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் மறுநாள் காலையில் இது தெரியும்.

7. திருத்தத் திருத்த முன்னும் பின்னும் தாவுவது: அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு எஜமானர்கள். இன்டர்நெட் ஒரு நேரம் சொல்கிறது, பில் சாஃப்ட்வேரோ வேறு ஒரு புரோகிராமோ மற்றொரு நேரம் சொல்கிறது. ஒன்றை நிறுத்த வேண்டும்.

சுருக்கமாக நினைவில் வைக்க: நிமிடமுள் தவறாமல், மணி அல்லது அரை மணிக் கணக்கில் மட்டும் தவறினால் நாட்டு நேரத் தேர்வில் கோளாறு, நிமிடமே தவறினால் கேட்பதில் கோளாறு, ஆண்டே தவறினால் பாட்டரியில் கோளாறு.

சரிசெய்யும் வரிசை

முதலில் நாட்டு நேரம். விண்டோஸ் பட்டியலில் 5.30 என்று போட்டு, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று நான்கு ஊர் உள்ள வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது பாட்டரி. ஆண்டு பின்னால் போயிருந்தால் பாட்டரியை மாற்றாமல் வேறு எது செய்தும் பயனில்லை.

மூன்றாவது, தேதியையும் நேரத்தையும் கையால் ஏறத்தாழச் சரியாக வைப்பது. தானாகவே திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மேலடுக்கு சொல்லும் நேரத்தை நம்பாமல் விட்டுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்களும் திறக்காது. அவற்றின் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். இணைப்பே கெட்டுவிட்டது என்று இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்வோம். கோளாறு தேதியில்தான் இருக்கும்.

நான்காவது, செட்டிங்ஸில் ‘டேட் அண்ட் டைம்’ பகுதிக்குப் போய்த் தானாக நேரம் வைக்கும் பொத்தானை இயக்கி, ‘சின்க் நவ்’ என்பதை அழுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் ‘விண்டோஸ் டைம்’ என்ற சர்வீஸ் நின்றிருக்கிறதா என்றும், ஃபயர்வால் 123-ஆம் எண் போர்ட்டை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கும்படி சர்வீஸ்காரரிடம் சொல்லுங்கள். இந்த இரண்டும் சொன்னாலே அவருக்குப் புரியும்.

ஐந்தாவது, எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தைக் கேட்கட்டும். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரையோ, தேசிய தகவல் மையத்தின் ‘சமய்’ என்ற பெயருள்ள சர்வர்களையோ அமைத்துத் தரச் சொல்லலாம். கவுண்டர்களுக்கு இன்டர்நெட் கொடுக்காத கடையில், இன்டர்நெட் உள்ள ஒரு பிரதான கம்ப்யூட்டர் மேலடுக்கைக் கேட்கட்டும். மற்றவை அதைக் கேட்கட்டும். கேமராப் பெட்டிக்கும் அதே விலாசத்தையே கொடுங்கள். அதன் மெனுவிலும் என்.டி.பி. என்ற பகுதி உண்டு. அதை மறப்பவர்களே அதிகம்.

சர்வர் வைத்துப் பயனர் பெயர், ரகசிய எண்ணோடு நுழையும் பெரிய மண்டிகளுக்கு ஒரு செய்தி. விண்டோஸ் டொமைன் முறையில், சர்வருக்கும் கவுண்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே நுழையவே விடாமல் போகலாம். ரகசிய எண்ணை மாற்றுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

எப்போது திருத்தக் கூடாது

வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளாதீர்கள். 412-ஆம் பில் 11.20, 413-ஆம் பில் 11.08 என்று விழும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டில் வரிசையாகவும் ஒரு எண் ஒரே முறையும் வர வேண்டும். எண் வரிசை ஒரு பக்கமும் நேர வரிசை மறுபக்கமும் போனால் கேட்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நாம்தான். இரவு கணக்கு முடித்த பின்பு, அல்லது காலையில் முதல் பில்லுக்கு முன்பு திருத்துவதே முறை.

மார்ச் 31 அன்று கூடுதல் கவனம் தேவை. அன்றிரவு முன்னால் ஓடும் கடிகாரம், கடைசி பில்களை அடுத்த நிதியாண்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலாவதித் தேதி பார்த்து எச்சரிக்கும் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள், தேதி பின்னால் இருந்தால் காலாவதியான சரக்கையும் அது நல்லது என்றே சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

அரசு இணையதளமும் நம் கடிகாரமும்

இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்கள் தங்கள் சொந்தக் கடிகாரத்தையே பார்க்கும். நம் கம்ப்யூட்டர் ஒரு நாள் முன்னால் இருந்து நாளைத் தேதியிட்ட பில்லை அனுப்பினால் தளம் ஏற்காது. லாரி வாசலில் நிற்கும். ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இ-இன்வாய்ஸ் பதிந்தாக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு மேற்பட்ட பில்லுக்கு இ-வே பில் எடுக்க முடியாது. தேதி பின்னால் போன கம்ப்யூட்டர் போட்ட பில் இந்த வலைகளில் சிக்கும்.

இத்தளங்களில் நுழைய இரட்டைப் பாதுகாப்பு எண் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. அந்த எண்ணை எஸ்.எம்.எஸ். மூலம் பெறலாம்; ‘என்.ஐ.சி.-ஜி.எஸ்.டி.-ஷீல்டு’ என்ற கைப்பேசிச் செயலி மூலமும் பெறலாம். செயலி தரும் எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஆனால் கைப்பேசியின் நேரம் தளத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சரியாக அடித்தும் தவறு என்று வந்தால், கைப்பேசியில் நேரத்தைத் தானாக எடுக்கும் அமைப்பை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

வாரத்தில் ஒரு நாள்

இத்தனைக்கும் செலவு மிகக் குறைவு. வாரத்தில் ஒரு நாள், கடை திறந்ததும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கேமராப் பெட்டியையும் சுற்றி வாருங்கள். ஒரு நோட்டில் தேதி, கருவி, எத்தனை நொடி முன் அல்லது பின் என்று எழுதுங்கள். ஒரே கருவி வாராவாரம் கூடுதலாகப் பிசகினால் அது மேலடுக்கைக் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும்.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கடையில் திருட்டு போய்க் காவல் நிலையத்தில் கேமராப் பதிவைக் கொடுக்க நேர்ந்தால், அன்று பெட்டியின் நேரம் எவ்வளவு பிசகியிருந்தது என்பதை எழுத்தில் காட்டலாம். அப்படி ஒன்று நடந்துவிட்டால், அதற்குப் பிறகு அவசரப்பட்டுப் பெட்டியின் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. முதலில் சரியான நேரத்தைக் காட்டும் கைப்பேசியைப் பெட்டியின் திரை அருகே பிடித்து இரண்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தை எழுதி, பதிவைப் பிரதி எடுத்த பிறகுதான் திருத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். கேமராவைக் காட்டி ஒரு பணியாளை “நீ எடுத்தாய்” என்று சொல்வதற்கு முன், பில் கம்ப்யூட்டரையும் கேமராப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க எத்தனை வருடமானாலும் போதாது.